அவிலா மடத்தைப் பற்றி லூர்துவுக்கு

மத்ரித்,
அக்டோபர் 20

அன்புள்ள லூர்து,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வாயில் வந்ததைப் பதிலாக எழுத மனசு வரவில்லை. இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் அவிலா. கார்மேல் சபையைச் சீர்திருத்திய புனித தெரேசம்மாள் கட்டிய முதல் மடம் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன். மகனுக்கு லீவு கிடைத்ததும் கூட்டிப் போனான்.

சின்னவள் கார்மேல் மடத்துக்குப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை, அண்ணன் அவளிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். "பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துற சிஸ்டராப் போனா சந்தோஷமா அனுப்புவேன். ஆஸ்பத்திரியில நோயாளியைப் பார்க்கிற சிஸ்டரா இருந்தாலும் சரி. இது கம்பிக்குப் பின்னால போய் உட்கார்ந்துக்கிற மடம், யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று நீ கேட்ட கேள்வி இத்தனை நாளும் என் கூடவே வந்தது. பெற்றவள் கேட்க வேண்டிய கேள்விதான். அதை நீ அவளிடமே கேட்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், அண்ணனுக்கும் படித்துக் காட்டு. நம் ஊரில் தெரேசா என்றால் கொல்கத்தா மதர் நினைவுக்கு வருவார், இல்லையென்றால் ரோஜாப் பூவோடு படத்தில் இருக்கும் லிசியே குழந்தை தெரேசா. நான் சொல்வது அவர்களுக்கெல்லாம் முன்னால் வந்தவர். 1515-ல் பிறந்தவர். லிசியே தெரேசா இவர் தொடங்கிய சபையில்தான் சேர்ந்தார். கொல்கத்தா மதர் தன் பெயரை எடுத்ததோ லிசியே தெரேசாவிடமிருந்து. மூன்று பேருக்கும் வேர் இந்த அவிலாதான்.

ஊர் உயரத்தில் இருக்கிறது, கடல் மட்டத்துக்கு மேலே 1,100 மீட்டருக்குக் குறையாது. அக்டோபரிலேயே காது விறைக்கிறது. ஊரைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டருக்குக் கோட்டை மதில், அதில் எண்பதுக்கும் மேலே கொத்தளங்கள். எல்லோரும் மதிலைப் படம் எடுக்கத்தான் வருகிறார்கள். நான் பார்க்க வந்த மடங்கள் இரண்டுமே மதிலுக்கு வெளியே இருக்கின்றன.

வடக்கே இருப்பது என்கார்னசியோன் மடம். தெரேசம்மாள் 1535 நவம்பர் 2, நம் கல்லறைத் திருநாள் அன்றைக்கு, இருபது வயதில் அப்பாவுக்குச் சொல்லாமல் வீட்டை விட்டு வந்து சேர்ந்தது இங்கேதான். அப்பா விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாராம். அந்த வீட்டிலும் அழுகை இருந்திருக்கும் லூர்து.

இந்த மடத்தைப் புரிந்துகொண்டால்தான் அவர் பின்னால் கட்டிய மடம் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அப்போது இங்கே நூற்றைம்பது பேருக்கும் மேலே இருந்தார்கள். பெரிய வீட்டுப் பெண்கள் வரும்போதே சீதனத்தோடு வருவார்கள். அவர்களுக்குத் தனி அறைகள், சமையலுக்கு இடம், கூட இருக்க உறவுக்காரப் பெண்கள், ஏவலுக்கு ஆள். ஏழைப் பெண்களுக்குப் பொதுக்கூடத்தில் வரிசையாகப் படுக்கை. மடத்துக்குள்ளேயும் 'தோன்யா' என்ற குலப்பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தெரேசம்மாளுக்கே வசதியான அறைதான் இருந்தது, தங்கை ஹுவானாவும் அங்கே அவரோடுதான் வளர்ந்தாள். இன்னொரு பக்கம், அத்தனை பேருக்கும் சாப்பாடு போட மடத்தால் முடியவில்லை. அதனால் வெளியே சொந்தக்காரர் வீட்டில் போய் மாதக்கணக்கில் தங்கிக்கொள்ள அனுமதி உண்டு. பார்லரில், அதாவது வெளியாட்களைச் சந்திக்கும் அறையில், நாள் முழுக்க ஊர்க்காரர்கள் கூட்டம், அரட்டை, பரிசு, ஊர்க்கதை.

பணக்கார வீடுகள் "இந்த சிஸ்டரை அனுப்பு, எனக்கு ஆறுதலாக இருக்கும்" என்று கேட்டால் மடத்தால் மறுக்க முடியாது. 1562 தொடக்கத்தில் தெரேசம்மாளையே அப்படித்தான் தொலேதோவுக்கு அனுப்பினார்கள். கணவரை இழந்த ஒரு பிரபு வீட்டு அம்மாவுக்குத் துணையாக அரை வருடம் அந்த மாளிகையில் இருந்தார். கதவு திறந்திருக்கும் மடம் என்பதற்கு அந்தக் காலத்தில் இதுதான் அர்த்தம். யாருக்குப் பணம் இருக்கிறதோ அவர் கூப்பிட்ட இடத்துக்கு நீ போக வேண்டும்.

அவர் என்கார்னசியோன் மடத்தில் இருந்தது இருபத்தேழு வருடம். நடுவில் கடும் நோய். நாலு நாள் உணர்வே இல்லாமல் கிடந்து, குழி வரைக்கும் தோண்டி வைத்துவிட்டார்கள். பிழைத்தும் மூன்று வருடம் கை கால் சரியாக அசையவில்லை.

இனி உன் சின்னவளுக்காக ஒன்று. புது மடம் என்ற யோசனையை முதலில் வாய்விட்டுச் சொன்னது தெரேசம்மாள் இல்லை. 1560-ல் ஒரு சாயங்காலம் அவர் அறையில் சொந்தக்காரப் பெண்களும் தோழிகளும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதில் மரியா தெ ஒகாம்போ என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி, வயது பதினேழு, நல்ல உடுப்பிலும் வீரதீரக் கதைப் புத்தகத்திலும் ஆசை உள்ளவள். "பழைய காலத் துறவிகள் மாதிரி சின்னதாக ஒரு மடம் நாமே ஏன் தொடங்கக் கூடாது?" என்று அவள்தான் கேட்டாள். தன் பங்கிலிருந்து ஆயிரம் டுக்கட் (அந்தக் காலத்து ஸ்பானிஷ் பணம்) தருகிறேன் என்றும் சொன்னாள். சும்மா பேச்சுவாக்கில் வந்தது என்று யாரும் தள்ளிவிடவில்லை. அந்தப் பெண் பிறகு அந்த மடத்திலேயே சேர்ந்து, வயாதொலித் மடத்துக்குத் தலைவியாக இருந்தாள். உன் மகள் வயதுப் பெண்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் என்னவெல்லாம் நடக்கிறது பார்.

1562 ஆகஸ்ட் 24 காலையில் சான் ஹோசே மடம் தொடங்கியது. சூசையப்பர் பெயர். வீட்டைத் தங்கையும் தங்கை கணவரும் தங்கள் பெயரில் வாங்கி வைத்தார்கள், தென் அமெரிக்காவில் கீட்டோவிலிருந்து தம்பி லொரென்சோ பணம் அனுப்பினார். ரோமாபுரியிலிருந்து அனுமதி வரும் வரைக்கும் எல்லாம் ரகசியம். நாலு பெண்களுக்கு அன்றைக்கு அங்கி கொடுத்தார்கள். நாலு பேருமே சீதனம் கொண்டுவர முடியாத பெண்கள் என்பதை அடிக்கோடிட்டு வாசி. கோயிலில் தொங்கிய மணிக்கு எடை மூன்று ராத்தல் கூட இல்லையாம், வார்ப்பில் ஓட்டை விழுந்த மணி.

ஊரே கொதித்துவிட்டது. நிலம் நீச்சு, வருமானம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் தர்மத்தில் பிழைக்கும் மடம் என்றால் பாரம் ஊர்மேல்தானே விழும், ஏற்கெனவே இங்கே மடங்களுக்குக் குறைவா என்று நகரசபை கூடியது. நகர அதிகாரி நேரில் வந்து, கதவைத் திற, இல்லையென்றால் உடைப்பேன் என்று மிரட்டினார். அந்த நாலு பெண்களும் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தெரேசம்மாள் அப்போது உள்ளேயே இல்லை, பழைய மடத்துத் தலைவி அன்றைக்கே அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். நகரசபைக் கூட்டத்தில் தொமிங்கோ பான்யெஸ் என்ற தொமினிக்கன் சாமியார் ஒருத்தர் மட்டும் எழுந்து மடத்துக்காகப் பேசினார். வழக்கு அரசர் மன்றம் வரை போய் மெல்ல அடங்கிப்போனது.

இந்த மடத்தில் எத்தனை பேர் தெரியுமா? பதின்மூன்று பேர். அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்தார். பின்னால் இருபத்தொன்று வரை போகலாம் என்று மாற்றினார், கார்மேல் மடங்களில் இன்றைக்கும் அதுதான் கணக்கு. பதின்மூன்று பேர் என்றால் யார் சாப்பிடவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நூற்றைம்பது பேரில் தெரியாது.

அப்புறம் அவர் எழுதிவைத்த சட்டங்கள். இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். கோடையில் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறு வரை தியானம், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளி. பிறகு திருப்புகழ்மாலை, பூசை, வேலை. சாப்பாட்டுக்கு நேரம் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆண்டவர் எப்போது கொடுக்கிறாரோ அப்போது என்று எழுதியிருக்கிறார். இருக்கும் நாளில் கோடையில் பத்து மணிக்கு மணி அடிக்கும், குளிர்காலத்தில் பதினொன்றரை. உடம்புக்கு முடியாதவர்களைத் தவிர யாருக்கும் இறைச்சி கிடையாது. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாளிலிருந்து ஈஸ்டர் வரை ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் நோன்பு. இரவு எட்டு மணிக்கு மௌனம் தொடங்கினால் மறுநாள் காலை செபம் முடியும் வரை பேச்சு இல்லை.

வேலை என்றால் பெரும்பாலும் நூல் நூற்பது. பொன் வெள்ளி ஜரிகை வேலை எதுவும் எடுக்கக் கூடாது, மனசு அதிலேயே போய்விடும். செய்ததை விற்கும்போது பேரம் பேசக் கூடாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். 'தோன்யா' பட்டம் கிடையவே கிடையாது. அப்புறம் ஒரு வரி, எனக்குப் பிடித்த வரி. மடம் பெருக்கும் முறைப் பட்டியலில் முதல் பெயர் மடத்துத் தலைவியுடையதாக இருக்க வேண்டும்.

அதைப் படித்ததும் நம் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. பெருக்கும் பட்டியலில் யார் பெயர் எப்போதும் வரும், யார் பெயர் வரவே வராது என்று உனக்குத் தெரியும். காரணமும் தெரியும்.

தெரேசம்மாளின் தாத்தா யூத குலத்திலிருந்து மதம் மாறியவர். தொலேதோவில் துணி வியாபாரி. ரகசியமாகப் பழைய வழக்கங்களைக் கைக்கொண்டார் என்று 1485-ல் திருச்சபையின் மத விசாரணை மன்றம் தண்டித்து, அவமான அங்கியைப் போட்டுக் கோயில் கோயிலாக வெள்ளிக்கிழமைதோறும் ஊர்வலம் நடத்தியது. குடும்பம் அதற்குப் பிறகுதான் அவிலாவுக்கு வந்து, பிரபு குலம் என்று பட்டம் தேடிக்கொண்டது. அந்தக் காலத்து ஸ்பெயினில் 'ரத்தம் சுத்தமா' என்று சான்றிதழ் கேட்ட துறவற சபைகள் நிறைய. இவர் தன் மடத்தில் அதைக் கேட்கவில்லை. 1569-ல் தொலேதோவில் மடம் தொடங்கும்போது ஒரு வியாபாரிக் குடும்பம் பணம் கொடுத்தது. கோயிலில் கல்லறை இடத்தை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, அவர்கள் பிரபுக்கள் இல்லை என்று பெரிய மனிதர்கள் தடுத்தார்கள். இவர் அவர்களுக்கே கொடுத்தார். நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களின் நடுச்சுவர்களை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கம்பிக்குப் பின்னால் போவது உலகத்துக்குப் பயந்து ஒளிந்துகொள்வது என்று நீ நினைக்கிறாய். இந்த அம்மா அந்தக் கதவைச் சாத்தியது, குலமும் பணமும் உள்ளே வராமல் இருக்கத்தான் என்று எனக்குப் படுகிறது.

உள்ளே ஒரே அழுமூஞ்சியாக இருப்பார்களோ என்று பயப்படாதே. சாப்பாட்டுக்குப் பிறகும் இரவிலும் எல்லோரும் கூடி உட்கார்ந்து மனம் விட்டுப் பேச வேண்டும் என்பதும் சட்டம்தான். கையில் நூல்கதிர் இருக்கலாம். சிரிக்கவைக்கும் வரம் ஆண்டவர் சிலருக்குக் கொடுப்பார் என்று அதிலேயே எழுதியிருக்கிறார். சான் ஹோசேயில் சின்னதாக ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். அதில் கிறிஸ்மஸுக்கு அவர்கள் தட்டிய மேளமும் ஊதிய குழலும் இருக்கின்றன. மேளம் சிறு பிள்ளைகள் தட்டுவது அளவுக்குத்தான். ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பேன் கதையையும் சொல்லிவிடுகிறேன். முரட்டுக் கம்பளித் துணியை உள்ளாடையாகவும் போடத் தீர்மானித்ததும் சிஸ்டர்களுக்குப் பேன் பயம் வந்துவிட்டது. ஒரு ராத்திரி மெழுகுவர்த்தியும் பாடுபட்ட சுரூபமுமாகப் பவனி வந்து, இந்த உடுப்பில் அந்தக் கெட்ட கூட்டம் வராமல் காப்பாற்று என்று பாட்டுக் கட்டிப் பாடினார்கள். தெரேசம்மாளும் அங்கேயே பதில் பாட்டு கட்டிச் சேர்ந்து பாடினார். அந்தச் சுரூபத்துக்குப் 'பேன் கிறிஸ்து' என்றே பெயர், மடத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அங்கே பேன் தொல்லையே இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. சீப்பும் மண்ணெண்ணெயுமாக நாம் பட்ட பாட்டுக்கு இந்தப் பாட்டு அப்போது தெரிந்திருந்தால் நானும் பாடியிருப்பேன்.

கடுமையானதையும் மறைக்கவில்லை. தண்டனைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெரிய குற்றத்துக்கு மடத்துச் சிறை வரைக்கும் போகிறது, சாட்டையடி தவமும் உண்டு. கடிதங்களைத் தலைவி பிரித்துப் படிப்பார். இரண்டு பேர் தனியாக நெருங்கிப் பழகக் கூடாது. படிக்கும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, தோழிகள் இல்லாத வாழ்க்கையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதே சட்டத்தில்தான் நோயாளிகளைப் பற்றியும் இருக்கிறது. சுகமாக இருப்பவர்களுக்கு அவசியமானதே இல்லாமல் போனாலும் போகட்டும், நோயாளிக்கு எந்தக் குறையும் வரக் கூடாது. மற்றவர்களுக்கு வைக்கோல் மெத்தை, நோயாளிக்கு நல்ல மெத்தையும் மெல்லிய துணியும்.

மடத்துக்குள் நம்மை விட மாட்டார்கள். கோயில் வரைக்கும் போகலாம். தெரேசம்மாள் இறந்து பல வருடம் கழித்து, 1607-க்குப் பிறகு பிரான்சிஸ்கோ தெ மோரா கட்டிய கோயில் அது. பக்கத்தில் வாசலில் சுவரில் பதித்த மரப்பெட்டி ஒன்று சுழலும். இந்தப் பக்கம் பொருளை வைத்தால் அந்தப் பக்கம் திரும்பும், இரண்டு பேருக்கும் முகம் தெரியாது. மகன் மணியை அடித்தான். உள்ளேயிருந்து "ஆவே மரியா பூரிஸிமா" என்று வயதான குரல். ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்தவரே என்று நாம் பதில் சொல்ல வேண்டும், அவன் ஸ்பானிஷில் சொன்னான். உன் சின்னவள் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒரு சீட்டில் எழுதி வைத்தேன். பெட்டி சுழன்று போனது. எந்த ஊர் என்று அந்தக் குரல் கேட்டது. இந்தியா என்றதும், சவேரியார் போன நாடா என்று கேட்டது. சவேரியாருக்கும் தெரேசம்மாளுக்கும் ஒரே நாளில்தான் புனிதர் பட்டம், 1622 மார்ச் 12. உங்கள் தூத்துக்குடிக் கரையில் நடந்தவர் என்று மகனைச் சொல்லச் சொன்னேன். உள்ளே சந்தோஷமாகச் சிரித்தார்கள்.

சான் ஹோசேயையும் சேர்த்து தெரேசம்மாள் இருபது வருடத்தில் பதினேழு மடம் தொடங்கினார், உடம்பு முடியாமலே, மூடுவண்டியில் ஊர் ஊராக அலைந்து. மௌன மடம் கட்டியவருக்கு ஓய்வே இல்லை. 1582 அக்டோபர் 4 இரவு ஆல்பா தெ தோர்மெஸில் இறந்தார். அன்றைக்குத்தான் பழைய காலண்டரை மாற்றினார்கள், விடிந்தால் அக்டோபர் 15. அதனால்தான் நம் கோயிலில் அவர் திருநாள் 15-ம் தேதி வருகிறது. 1970-ல் திருச்சபை 'மறைவல்லுநர்' என்ற பட்டத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தபோது அது இவருக்குத்தான் போனது.

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்பட வேண்டியதில்லை. வத்திக்கான் 2018-ல் கொடுத்த விதிமுறைப்படி அடைபட்ட மடத்தில் கடைசி வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுக்கத் துறவியாக இருப்பேன் என்ற வாக்கு, கொடுப்பதற்குக் குறைந்தது ஒன்பது வருடம் ஆகும். பார்த்துப் பழக ஒரு வருடமாவது, அடுத்த நிலைக்கு இன்னொரு வருடமாவது, நவகன்னியாக இரண்டு வருடம், தற்காலிக வார்த்தைப்பாட்டில் ஐந்து வருடம். முதல் வார்த்தைப்பாடு எடுக்கும் முன் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். அவள் வருவாள் என்று சொல்லவில்லை, கதவு அவள் பக்கமிருந்தும் திறக்கும் என்று சொல்கிறேன்.

நீயும் அண்ணனும் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த மடத்துக்கு நேரில் போங்கள். பார்லரில் உட்கார்ந்து தலைவியிடம் கேளுங்கள்: எத்தனை பேர் இருக்கிறீர்கள்? வயதான சிஸ்டர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கழிவறை கழுவும் முறை யார் யாருக்கு வரும்? சீதனமாக எதையாவது எதிர்பார்க்கிறீர்களா? எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று விசாரிக்கிறீர்களா? தெரேசம்மாளின் மகள்கள் என்று சொல்லிக்கொள்ளும் மடம் இதற்கெல்லாம் கூசாமல் பதில் சொல்ல வேண்டும். கூசினால் வேறு மடம் பார்க்கச் சொல், அவளே புரிந்துகொள்வாள். இன்னொன்று. பழைய சட்டத்திலேயே, வெளியாட்கள் வரும்போது முக்காட்டை முகத்தில் இறக்கிக்கொள்ளும் சிஸ்டர்கள், அம்மா அப்பா கூடப்பிறந்தவர்கள் வந்தால் முக்காட்டை விலக்கலாம். உன்னிடம் அவள் முகத்தை ஒருநாளும் யாரும் மறைக்கப் போவதில்லை.

அண்ணனிடம் நான் போனில் பேசுகிறேன். ஞாயிறு பூசை முடிந்து நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுகிறேன், எனக்கு அது விடியற்காலை, பரவாயில்லை. உன் மூட்டு வலிக்கு டாக்டர் சொன்ன உடற்பயிற்சியை விடாதே. நான் ஜனவரி கடைசியில் வருகிறேன். அதற்குள் அவள் போவதாக இருந்தால் எனக்கு முன்கூட்டியே எழுது, டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் இருப்பேன்.

அன்புடன்,
செசிலி